வெள்ளாற்றான் ஐயாவும் என் அப்பாவும்

மூன்று புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

கைப்பேசியை மிக்சியின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். திரையில் 'முதல்ஷிப்ட் எழுதுகிறார்' என்ற வரிக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளிகள் எழும்பும், அடங்கும், மறுபடி எழும்பும். முதல்ஷிப்ட் என்பவர் எனக்கு ஒரு சுவர் தள்ளி, முன்னறையில், பனியனோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒற்றை விரலால்தான் தட்டுவார். தப்பாக அடித்துவிட்டால் "ச்சை" என்பார். அந்தப் பக்கம் "ச்சை" கேட்கும்போது இந்தப் பக்கம் புள்ளிகள் நின்றுபோகும்.

முதல்ஷிப்ட் என் அப்பா. அவர் எழுதிக்கொண்டிருந்தது வெள்ளாற்றான் ஐயா என்ற தொடர்கதை எழுத்தாளரின் வாசகர் பக்கத்தில். வெள்ளாற்றான் ஐயா நான்.

இதில் பாதிதான் அப்பாவுக்குத் தெரியும், எனக்கு முழுசும் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மத்தியானம் அது.

தண்ணீர் கேட்கும் பெண்

இந்த நினைவுத் தொடரை எழுதக் கேட்டபோதே பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன், எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை, நினைவுக் குறிப்பு எழுதுகிற வயசா என்று. "உங்க வெள்ளாற்றான் கதையைச் சொல்லுங்க, போதும்" என்றார். போன வாரம்வரை பள்ளிக்கூடத்தையும் கல்லூரியையும் சுற்றிக்கொண்டிருந்ததற்குக் காரணம், இந்த இடத்துக்கு வரக் கொஞ்சம் கூச்சமாக இருந்ததுதான்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாதிரியே அந்தத் தெரு முழுக்க வீடு. ஒரே ஜன்னல், ஒரே கேட். சின்ன வயசில் ஒருமுறை தப்பான வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்த பிறகுதான் சுவரில் இயேசு படத்துக்குப் பதிலாக முருகன் இருப்பதைப் பார்த்தேன். கல்லூரி முடித்து வேலைக்காகக் காத்திருந்த நாள்களில் அந்த ஒரே மாதிரித்தனம் என்னைப் பிய்த்துத் தின்றது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. மாடிக் கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிந்திருக்கிறதா என்று பார்க்க நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்குவேன்.

அப்போதுதான் கைப்பேசியில் கதை எழுதுகிற செயலி ஒன்றில் 'நீர்ச்செவி' என்று தொடங்கினேன்.

ராஜா காலத்துக் கதை. கடல் மாதிரி ஓர் ஏரி வெட்ட அரசன் ஆணையிடுகிறான். கரை போகிற வழியில் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெண் செங்கணிக்குப் பதினாறு வயது. மண்ணில் காது வைத்தால் அடியில் ஓடுகிற தண்ணீர் அவளுக்குக் கேட்கும். எத்தனை ஆள் ஆழம், எந்தத் திசை, கோபமாக இருக்கிறதா தூங்குகிறதா, எல்லாம் கேட்கும். ஊரைக் காப்பாற்ற அவள் தலைமுடியை முண்டாசுக்குள் சுருட்டி, செங்கன் என்ற பையனாக, ஏரிக்கு நிலம் அளக்கிற கூட்டத்திலேயே போய்ச் சேர்கிறாள். பெண் என்று தெரிந்தால் தலை போகும். காது விஷயம் தெரிந்தால் அரசன் விடமாட்டான்.

அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று நிறைய வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். சுரங்கத்திலிருந்துதான். பள்ளியில் ஒருமுறை எங்களைச் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ராட்சத பம்புகள் ஓயாமல் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, எதற்கு என்று அப்பாவைக் கேட்டேன். அவர் அங்கே பல் சக்கரம் வைத்து மண்ணைச் சுரண்டுகிற பெரிய மெஷினின் ஆபரேட்டர்.

"கரிக்கு அடியில தண்ணி இருக்குது. சும்மா இல்ல, முட்டிகினு நிக்கிது. இறைக்காம வுட்டா தரையப் பொளந்துகினு மேல வந்துடும்."

அன்றிலிருந்து கட்டிலில் படுத்தால் அடியில் ஏதோ முட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். அதைத்தான் செங்கணிக்குக் கொடுத்தேன்.

ஐயா ஆன கதை

முதல் சில அத்தியாயங்களை ஜெசிந்தா என்ற என் பெயரில்தான் போட்டேன். "பாப்பா, ராஜா காலத்தைப் பற்றி எழுத வயசு வேண்டும்" என்று ஒருவர் எழுதினார். "ஜெசிந்தாவுக்குச் சரித்திரம் எதுக்கு?" என்று இன்னொருவர். எல்லாவற்றையும் அழித்தேன். வெள்ளாறு எங்கள் பக்கத்து ஆறு. வெள்ளாற்றான் என்று வைத்துக்கொண்டு அதே அத்தியாயங்களை மறுபடி ஏற்றினேன். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"ஐயா, என்ன ஆழமான நடை!" என்று வந்தது.

யாரும் கேட்காமலேயே எனக்கு ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். ஒரு வாரம் அத்தியாயம் தாமதமானால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். "தேவலாம்" என்று போடுவேன். ஒருவர் மூட்டுவலிக்கு முடக்கத்தான் கீரை சாப்பிடச் சொன்னார்.

செங்கணி சாப்பிட்டாளா?

அப்பா எப்படி அந்தக் கதைக்குள் வந்தார் என்று தெரியவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் யாரோ காட்டியிருக்க வேண்டும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ஒரு பெரியவரு எழுதுறாரு தெரசா. அந்தப் பொண்ணு மண்ணுல காத வச்சான்னா நமக்கே சில்லுன்னு இருக்குது."

எனக்குப் புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள்.

"நீயும் படியேன் ஜெசி. சும்மாதான இருக்கற?"

"எனக்கு ராஜா கதை பிடிக்காதுப்பா."

அதற்கு அடுத்த வாரம், வாசகர் பக்கத்தில் முதல்ஷிப்ட் என்று புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: 'ஐயா வணக்கம். அந்தப் பெண் இரண்டு அத்தியாயமாக எதுவும் சாப்பிடவில்லை. கவனிக்கவும்.'

உலகத்தில் இதைக் கேட்கக்கூடிய ஆள் ஒருவர்தான். நான் ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் போனை எடுத்தால் அப்பா கேட்கிற முதல் கேள்வி அது. அடுத்த அத்தியாயத்தில் செங்கணி மண் வெட்டுகிறவர்களோடு உட்கார்ந்து, கேழ்வரகுக் கூழை வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தாள். அப்பா அன்று வீட்டில் நடந்த நடையைப் பார்க்க வேண்டும்.

"நான் சொன்னேன். ஐயா கேட்டுகினாரு!"

அப்புறம் அவர் ஐயாவிடம் நிறையச் சொல்ல ஆரம்பித்தார். முழங்கால் வலியைச் சொன்னார். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸை விட்டு எங்கே போவது என்று பிடிபடவில்லை என்று சொன்னார். எங்களிடம் ஒருநாளும் சொல்லாதவை அவை. ஐயா சுருக்கமாகப் பதில் போடுவார், "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று. போட்டுவிட்டு ஐயா மாடிக்கு ஏறி இறங்குவார்.

வளையமாதேவி கலை

இன்னொரு வாசகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் பெயரே பக்கத்தில் 'வளையமாதேவி கலை' என்றுதான் இருக்கும். வளையமாதேவி எங்களுக்குத் தெற்கே உள்ள விவசாய ஊர். சுரங்கத்துக்காக அங்கே நிலம் எடுக்கிற பேச்சு வருஷக்கணக்காக நடக்கிறது. என் கதை ஏரியைப் பற்றியதுதான். ஆனால் அவள் அப்படிப் படிக்கவில்லை.

'ஐயா, செங்கணி ஊரைக் காப்பாத்திடுவா இல்ல? சும்மா ஆமான்னு மட்டும் சொல்லுங்க.'

வாராவாரம் இதே கேள்வி. நானும் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசி அத்தியாயங்கள் நெருங்க நெருங்க என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுதுவேன், அழிப்பேன். ஏரிக்கரை ஒருநாள் ஊர்மேல் போகும், மறுநாள் ஊரைச் சுற்றிப் போகும்.

நடுவில் முதல்ஷிப்ட் நுழைந்தார்: 'ஐயா, ஊர் மூழ்கத்தான் வேண்டும். சின்னப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பொய் சொல்லக் கூடாது.'

கலைக்குச் சுறுக்கென்று வந்துவிட்டது. இரண்டு நாள் இருவரும் மாறி மாறி எழுதினார்கள். ஐயா வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், அப்பா முதல் ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்ட கையோடு கைப்பேசியை எடுத்தார். அதில் கலை எழுதியிருந்தது இது:

'ஊரு போனா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது பெரியவரே. தெரியாதவங்க பேசக் கூடாது.'

எந்த ஊரு?

அப்போதுதான் மூன்று புள்ளிகள் துள்ள ஆரம்பித்தன.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். டவுன்ஷிப்பில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்பது. என் தோழிகள் திருநெல்வேலி என்பார்கள், ஈரோடு என்பார்கள். பெரிய லீவில் தெருவே காலியாகும். நாங்கள் மட்டும் எங்கேயும் போகமாட்டோம். அப்பா "குறிஞ்சிப்பாடி பக்கம்" என்பார். குறிஞ்சிப்பாடி அம்மாவின் ஊர். அப்பாவுடைய ஊரும் அங்கேதான் பக்கத்தில் எங்கோ என்று நினைத்திருந்தேன். கேட்கத் தோன்றியதே இல்லை.

புள்ளிகள் நின்றன. வரி வந்தது.

'எனக்குப் போச்சும்மா.'

அவ்வளவுதான். வெங்காயக் கத்தியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

"எந்த ஊருப்பா?"

அப்பா நிமிர்ந்தார். "எது?"

"போச்சுன்னு போட்டியே. எது போச்சு?"

அவர் தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். வரியைப் போட்டு இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு என் கையைப் பார்த்தார். என் கைப்பேசியில் அதே பக்கம், மேலே வெள்ளாற்றான் என்ற பெயர், கீழே ஐயா பதில் எழுத வேண்டிய கட்டம்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"நீயா?"

நான் தலையாட்டினேன்.

"இத்தினி நாளா உன்னியா நான் ஐயா ஐயான்னுகினு இருந்தேன்? கால் வலிக்கிதுன்னு..." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லியிருக்கலாம் இல்ல? எல்லாத்தயும் படிச்சிகினு, எதுத்தாப்புல உக்காந்து சோறு துன்னுகினு இருந்திருக்க."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெட்கப்பட்டார். பனியனோடு இருந்தவர் எழுந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், யாரோ வெளியாள் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

என்ன சத்தம் என்று அம்மா வந்தாள். விஷயத்தை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அப்பாவைப் பார்த்து, "அவதான் கேக்கறா இல்ல, சொல்லேன். எனக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நாவற்கொல்லை. அம்பது வூடு இருந்தா அதிகம். எனக்கு ஏழெட்டு வயசு. மாட்டு வண்டியில சாமான் ஏத்தும்போது தூங்கிட்டேன். எங்கம்மா மாதா சுரூபத்த மடியில வச்சிகினு வந்துது. முழிச்சிப் பாத்தா வேற ஊரு."

"ஏன்ப்பா சொல்லவே இல்ல?"

"சொன்னா, எங்க, காட்டுன்னு கேப்ப. எதக் காட்றது? வேலைக்குச் சேந்து பத்து வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் கரி எடுக்கப் போனாங்க. மெஷின்ல நான்தான் உக்காந்திருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க. செயலியையும் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டார். ஷிப்டுக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டு மாற்றி மாற்றிக் களைத்துப் போனாள்.

சட்டைப் பையில் இல்லாத அட்டை

வாசகர் பக்கத்தில் கலையும் அதே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள்: 'எந்த ஊருங்க?' பதில் வராததால் ஐயாவுக்குத் தனியாக எழுதினாள். 'வாய் வுட்டுட்டேன் ஐயா. அவருகிட்ட மன்னிப்பு கேக்கணும். உங்களுக்கு அவரத் தெரியுமா? நீங்களாவது ஒரு நாளு எங்க ஊருக்கு வாங்க.'

நான் அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்காத மாதிரிதான் இருந்தார். வாரலீவு நாளன்று காலையில் பார்த்தால், வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார்.

"போலாமா?" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

கேட்டைத் தாண்டும்போதுதான் கவனித்தேன், எப்போதும் சட்டைப் பையில் தொங்குகிற சுரங்க அடையாள அட்டை இல்லை. கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். சேத்தியாத்தோப்பு சாலையில் காற்று அனலாக அடித்தது. வழி நெடுக அவர் ஹாரனையே அடிக்கவில்லை. எதிரே யாராவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வருவதாக ஐயா பெயரில் எழுதியதற்குக் கலை சொன்ன அடையாளத்தில், ஊருக்கு முன்னால் ஒரு புங்கமரத்தடியில் நின்றோம். இரண்டு பக்கமும் நெல் பால் பிடித்து நின்றது. வாய்க்கால் ஓரத்தில் புதிதாக நட்ட அளவுக் கல் ஒன்று வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. வரப்பில் ஒரு பெண் சுடிதார் பேண்டைக் கெண்டைக்கால்வரை மடித்துவிட்டு ஓடிவந்தாள். என் வயசுதான் இருக்கும். என்னைத் தாண்டிப் போய் அப்பா முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினாள்.

"ஐயா! நெஜமாவே வந்துட்டீங்களே ஐயா!"

அப்பாவுக்கு அப்போது ஓர் எளிய வழி இருந்தது. பேசாமல் ஐயாவாகவே இருந்துவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நானும் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நான் இல்லம்மா," என்றார். என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "இதோ, இவதான் எழுதுறது. எம் பொண்ணு. ஜெசிந்தா."

கலை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நீயா?" என்றாள். இரண்டாவது ஆளிடமிருந்து அதே சொல். ஆனால் அவள் சிரித்துவிட்டாள். "அடிப்பாவி, மூட்டுவலிக்கு கீரையெல்லாம் சொன்னேனே!"

"நான் முதல்ஷிப்ட்," என்றார் அப்பா.

கலையின் சிரிப்பு நின்றது. அதற்குள் மோட்டார் கொட்டகைப் பக்கமிருந்து அவளுடைய அப்பா மண்வெட்டியோடு வந்து நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். அப்பா அவரைப் பார்த்தே மீதியையும் சொன்னார்.

"மைன்ஸ்ல மெஷின் ஓட்டுறேங்க."

எனக்கு வண்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று தேடத் தோன்றியது. கலையின் அப்பா மண்வெட்டியை மரத்தில் சாய்த்தார்.

"எங்க பக்கம் வருமா உங்க மெஷினு?"

"வரலாங்க."

"நீங்களே வருவீங்களா?"

"நான் அடுத்த வருஷம் ரிட்டையருங்க."

"அப்ப வேற யாராச்சும் வருவாங்க."

"ஆமாங்க."

அவர் வயலைப் பார்த்தார். பிறகு, "பாப்பா, ஒங்கம்மாவ டீ போடச் சொல்லு. வெயில்ல நிக்கிறாங்க பாரு," என்றார்.

அவர்கள் வீட்டில் அப்பா ஒரு மணி நேரம் பேசியிருப்பார். நாவற்கொல்லையின் குளம், அதில் படி எந்தப் பக்கம், பனைமரம் யாருடைய நிலத்தில், கோயில் மணியை அடிக்க எத்தனை பேர் சண்டை போட்டார்கள் என்றெல்லாம். நான் கேட்டே இராதவை. கலை கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்பு கேட்பதை அவளும் மறந்துபோனாள், அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. கிளம்பும்போது அவள் என்னைத் தனியாக இழுத்தாள்.

"செங்கணிய நீ என்ன வேணா பண்ணுக்கா. நான் இனிமே கேக்க மாட்டேன். ஆனா முண்டாச அவுக்காம செத்துடப் போறா. யாருன்னு சொல்லிட்டுதான் எதுவும் பண்ணணும்."

கரை

திரும்பும் வழியில் அப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார். சேத்தியாத்தோப்பு தாண்டியதும் தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"அந்த ஊரக் காப்பாத்திடேன் ஜெசி."

"நீதானப்பா பொய் சொல்லக் கூடாதுன்ன?"

"அது அந்த ஐயாவுக்குச் சொன்னது," என்றார். "நீ எம் பொண்ணு."

வீட்டுக்கு வந்தும் என்னால் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டேதான் எழுதினேன். முன்னறையிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து முன்னறை, இடது கையில் கைப்பேசி. செங்கணி அரச சபையில் முண்டாசை அவிழ்த்தாள். கூந்தல் விழுந்தது. காவலர்கள் வாளை உருவினார்கள். தன் பெயரைச் சொன்னாள், ஊரின் பெயரைச் சொன்னாள். அதுவரை கதையில் அந்த ஊருக்குப் பெயர் வைக்கவில்லை, இப்போது வைத்தேன். தரையில் காதை வைத்து, அந்த ஊருக்கு அடியில் தண்ணீர் எப்படி முட்டிக்கொண்டு நிற்கிறது, கரை அங்கே ஏறினால் எங்கே பிளக்கும் என்று அரசனுக்குச் சொன்னாள். அரசன் வெகுநேரம் யோசித்தான். பிறகு அளவுக் கயிற்றை வேறு பக்கம் இழுக்கச் சொன்னான்.

கடைசி அத்தியாயத்தை ஜெசிந்தா என்ற பெயரில் போட்டேன். ஐயா எங்கே, ஐயாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுப் பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஏமாற்றிவிட்டேன் என்றார்கள். கலை ஒரே வரி எழுதினாள்: 'நெஜத்துல இப்படி நடக்காதுன்னு தெரியும்க்கா. நல்லாருந்துச்சு.' அவள் வயலில் அளவுக் கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நெல்லும் இருக்கிறது, இதை எழுதுகிற இந்த வாரம்வரை. போனில் பேசும்போதெல்லாம் முதலில் அதைக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா அந்தச் செயலியைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். கடைசி அத்தியாயத்தைத் தனியாகப் படிக்கவில்லை. அம்மாவை அழைத்து எதிரே உட்காரவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் மாதிரி சத்தமாக வாசித்தார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏரிக்கரை நாவற்கொல்லையை விட்டு வளைந்து போயிற்று..."

அங்கே நின்றுவிட்டார்.

"மேல படியேன்," என்றாள் அம்மா.

"இரு தெரசா," என்றார் அப்பா. "அந்த வரிய இன்னொரு வாட்டி படிச்சிக்கிறேன்."